பொது இல்லமும் புழங்கும் மொழியும்

மன்றம், அம்பலம், பொதியில் ஆகியவை ஊரார் கூடும் இடத்துக்குத் தமிழில் வழங்கிய பழம்பெயர்கள். இவற்றுள் பொதியில் என்பது பொது, இல் என்னும் இரு சொற்களின் சேர்க்கை. எல்லார்க்கும் உரிய வீடு என்பது அதன் பொருள். பன்மொழி மாந்தர் கலந்துறைந்த புகார் நகரைப் பட்டினப்பாலை பாடுகிறது. அந்நகரின் ஐவகை மன்றங்களைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. சிங்கப்பூரின் ‘சமூக மன்றம்’ என்னும் வழக்கில் அப்பழஞ்சொல் இன்றும் வாழ்கிறது. பல்லின நகரில் ஒரு சமூகத்தின் அடையாளத்தைக் காக்கும் பொது இல்லம் எவ்வாறு அமைய வேண்டும்? இந்நகரின் இரு நிறுவனங்களைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

1946ஆம் ஆண்டு சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. அதற்குச் சீறாப்புராணம் இயற்றிய உமறுப் புலவரின் பெயர் சூட்டப்பட்டது. சமயப் பற்றும் மொழிப் பற்றும் அப்பெயரில் ஒன்றாயின. 1960இல் அங்கு உயர்நிலைக் கல்வியும் தொடங்கியது. பின்னர்ப் பெற்றோர் ஆங்கிலவழிக் கல்வியை நாடியதால் மாணவர் தொகை குறைந்தது. 1982இல் பள்ளி மூடப்பட்டது. ஆயினும் அப்பெயர் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையமாகத் தொடர்கிறது. தம் பள்ளியில் தமிழ் பயிலும் வாய்ப்பில்லாத மாணவர்கள் அங்கு வந்து பயில்கின்றனர்.

மற்றொன்று, கேம்பல் லேனில் 2015 மே 7ஆம் நாள் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம். அந்நான்கு மாடிக் கட்டடத்தின் வடிவமைப்புக்கு இந்தியப் படிக்கிணறு முன்மாதிரி ஆயிற்று. ஒளி ஊடுருவும் அதன் முகப்பில் இரவில் சுவரோவியம் மிளிர்கிறது. தமிழர், மலையாளிகள், பஞ்சாபியர், சிந்தியர், குஜராத்தியர் எனப் பலரின் வரலாறும் அங்கு இடம்பெறுகிறது. நீர் எடுக்க வந்தோர் நின்று உரையாடிய இடம் படிக்கிணறு. ஆதலின் அவ்வுருவம் பொருத்தமானதே.

எனினும் உருவம் மட்டும் அடையாளத்தைக் காவாது. பள்ளி மறைந்த பின்னும் உமறுப் புலவரின் பெயர் நிலைத்தமைக்குக் காரணம், அப்பெயரின்கீழ்த் தமிழ் கற்பிக்கப்படுவதே. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர்வாசிகளுள் வீட்டில் தமிழை மிகுதியாகப் பேசுவோர் 2.5 விழுக்காட்டினரே. வீட்டில் குறையும் பேச்சுக்குப் பொது இல்லம் இடமளித்தாக வேண்டும். காட்சிக்கூடத்தோடு, முதியோரும் இளையோரும் அமர்ந்து பேசும் கூடமும், சிறுவர் தயங்காமல் பிழையோடும் பேசிப் பழகும் அறையும் அதன் வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும் என்பது நம் கருத்து. இறைத்த கிணறு ஊறும். இறையாத கிணறு நாறும் என்பது நம் முன்னோர் மொழி. கிணறு அமைந்துவிட்டது, இறைக்கும் பொறுப்பு ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உரியது.