படம் 90% வாங்கினா சூப்பரா? அந்த எண் உண்மையில் சொல்வது என்ன?

வெள்ளிக்கிழமை மாலை. வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்வி: "படம் எப்படி? டிக்கெட் வாங்கலாமா?"

ஒருவர் "செம!" என்கிறார். இன்னொருவர் "மொக்க, ஓடிடியில வரட்டும்" என்கிறார். மூன்றாமவர் ஒன்றும் பேசாமல் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறார்: 90%. அத்தோடு விவாதம் முடிந்தது.

ஆனா, அந்த 90% என்பது 100க்கு 90 மதிப்பெண் இல்லை. பிறகு என்ன?

ரோட்டன் டொமேட்டோஸ்: எத்தனை பேருக்குப் பிடித்தது?

இந்தத் தளத்தில் விமர்சகர்கள் தரும் சதவீதம், படம் எவ்வளவு நல்லது என்பதைச் சொல்வதில்லை. எத்தனை பேர் "பரவாயில்லை, பார்க்கலாம்" என்று நினைத்தார்கள் என்பதை மட்டுமே சொல்கிறது. 60 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் சிவப்புத் தக்காளி. அதற்குக் கீழே போனால் நசுங்கிய பச்சைத் தக்காளி.

ஒரு சின்னக் கணக்கு. 10 விமர்சகர்கள் பார்க்கிறார்கள்.

• முதல் படம்: 10 பேரும் 10க்கு 6 தருகிறார்கள். எல்லாருமே "ஓகே" ரகம். சதவீதம் 100.
• இரண்டாவது படம்: 5 பேர் 10 தருகிறார்கள், 5 பேர் 4 தருகிறார்கள். சதவீதம் 50. ஆனால் சராசரி 7!

100% வாங்கிய படத்தைவிட 50% வாங்கிய படத்தின் சராசரி அதிகம். உங்களுக்கு மறக்க முடியாத படமாக அமைவது இரண்டாவதாகக்கூட இருக்கலாம்.

ஐஎம்டிபி: சராசரிக்குப் பின்னால் பாருங்க

இங்கே பார்வையாளர்கள் 1 முதல் 10 வரை மதிப்பெண் போடலாம். எல்லா வாக்குக்கும் ஒரே எடை கிடையாது. கணக்கிடும் முறையை அந்தத் தளம் முழுமையாக வெளியிடுவதில்லை. வெளியிட்டால், யாராவது அதை வைத்து விளையாடுவார்கள் என்பதே காரணம்.

பெரிய நடிகர் படம் என்றால் ரசிகர்கள் 10 போடுவார்கள், எதிர்த்தரப்பு 1 போடும். 100 பேரில் 60 பேர் 10, 40 பேர் 1 போட்டால் நேரடிச் சராசரி 6.4. ஆனால் 6.4 என்று அங்கே ஒருவர்கூட நினைக்கவில்லை!

அதனால எண்ணை மட்டும் பார்க்காதீங்க. அதைத் தட்டினால், எத்தனை பேர் எத்தனை போட்டார்கள் என்ற வரைபடம் வரும். இரண்டு முனையிலும் மட்டும் உயரமாக இருந்தால், அது பெரும்பாலும் ரசிகர் சண்டை.

லெட்டர்பாக்ஸ்டு தளத்திலும் இதே போன்ற வரைபடம் உண்டு. அங்கே அரை நட்சத்திரம் முதல் 5 நட்சத்திரம் வரை.

பார்க்காமலே கருத்துச் சொன்னால்?

படம் வெளிவரும் முன்பே கருத்துகள் குவிவது பிரச்சினையானது. 2019இல் ரோட்டன் டொமேட்டோஸ், வெளியீட்டுக்கு முன் பார்வையாளர்கள் கருத்திடுவதை நிறுத்தியது. டிக்கெட் வாங்கியது உறுதியானவர்களின் மதிப்பெண்ணைத் தனியாகக் காட்டவும் தொடங்கியது.

தமிழ்ச் சினிமாவிலும் இது சூடான விவகாரம். 2024 நவம்பரில் தமிழ்நாட்டின் தயாரிப்பாளர்கள் சங்கம், திரையரங்கு வளாகத்தில் யூடியூபர்கள் ரசிகர்களிடம் கருத்துக் கேட்பதை அனுமதிக்க வேண்டாம் என்று உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. 'இந்தியன் 2', 'வேட்டையன்', 'கங்குவா' படங்களை அது சுட்டியது. முதல் 3 நாள்களுக்கு விமர்சனம் கூடாது என்று இன்னொரு சங்கம் சென்னை உயர் நீதிமன்றம் சென்றது. இடைக்காலத் தடை விதிக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது.

ஆக, கருத்துச் சொல்வதை நிறுத்துவது எளிதல்ல. எப்படிச் சொல்கிறோம் என்பது நம் கையில்.

நீங்க மதிப்பெண் போடும்போது...

• பார்த்த பிறகு போடுங்க. பாதியில் எழுந்து வந்திருந்தா அதையும் சொல்லிடுங்க.
• எண்ணோடு ஒரு காரணமும் சொல்லுங்க. "மொக்க" என்பதைவிட "முதல் பாதி கலகலப்பு, இரண்டாம் பாதி இழுவை" உதவும்.
• யாருக்குப் பிடிக்கும் என்று சொல்லுங்க. "பாட்டியோட பார்க்கலாம்", "ரத்தம் அதிகம், சின்னப் பிள்ளைங்க வேணாம்."
• முடிவைப் போட்டு உடைக்காதீங்க!

பெரிய நடிகரின் படம் மோசமான மதிப்பெண்ணையும் ஓரளவு தாங்கும். சிங்கப்பூரில் நாளுக்கு ஒன்றிரண்டு காட்சிகளே கிடைக்கும் சிறிய படம் தாங்காது. முதல் வார இறுதியில் இருக்கைகள் காலியாக இருந்தால், அடுத்த வாரம் அது திரையில் இருக்காது. பார்க்காமல் போட்ட ஒற்றை நட்சத்திரம் அங்கேதான் வலிக்கும்.

அடுத்த முறை குழுவில் 90% ஸ்கிரீன்ஷாட் வந்தால், இரண்டே கேள்வி கேளுங்க: "எத்தனை பேர் சொன்னது? அவங்க படம் பார்த்தாங்களா?"