தாய்வழி மரபும் சென்னை மாகாணத் தேவதாசியர் சங்கமும்

முன்னோர் வழியை உறுப்புரிமைக்கு அடிப்படையாகக் கொண்டு, நாட்டுப்பற்று, மரபுக் காப்பு, கல்வி ஆகிய மூன்றையும் நோக்கமாக அறிவித்துக்கொண்ட பெண்கள் சங்கங்களுள் பெரிதும் அறியப்பட்டது, 1890இல் வாஷிங்டனில் தொடங்கப்பட்ட ‘அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர்’ என்னும் அமைப்பாகும். அதில் சேர விரும்பும் பெண், அமெரிக்க விடுதலைப் போருக்கு உதவிய ஒருவரின் நேர்வழித் தோன்றல் தாம் என்பதை ஆவணங்களால் நிறுவ வேண்டும். தென்னிந்தியாவில் இதற்கு மிக நெருங்கியதாகச் சொல்லத்தக்கது, பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாளை முதல் தலைவராகக் கொண்டு அமைந்த சென்னை மாகாணத் தேவதாசியர் சங்கம். ஆனால் அங்கே குலவழி பெருமைக்குரிய சான்றாக மதிக்கப்பட, இங்கே அதுவே குற்றச்சாட்டாக நின்றது.

கோயில் இறைவனுக்குப் பொட்டுக்கட்டி அர்ப்பணிக்கப்பட்டு, ஆடலும் பாடலும் வழிபாட்டுப் பணியும் செய்துவந்த பெண்களே தேவதாசியர். கி.பி. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு ஆளுக்கு ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் ‘பங்கு’ என ஒதுக்கப்பட்டதையும், ஒருவர் மறைந்தால் தகுதியுள்ள நெருங்கிய உறவினர் அப்பங்கைப் பெற்றுப் பணியைத் தொடர வேண்டும் என விதிக்கப்பட்டதையும் அக்கோயிற் கல்வெட்டு கூறுகிறது. திருமலை, திருப்பதிக் கல்வெட்டுகளில் இத்தகையோர் எம்பெருமானடியார் எனக் குறிக்கப்படுகின்றனர். தெலுங்கு வழங்கும் பகுதிகளில் கலாவந்துலு என்னும் பெயரும் உண்டு. பின்னாளில் இக்குடும்பங்களில் சொத்துரிமை தாயிடமிருந்து மகளுக்குச் சென்றது. பெண்ணைத் தத்தெடுக்கும் வழக்கத்தைச் சென்னை உயர்நீதிமன்றமும் ஏற்றிருந்தது. காளத்தி, திருப்பதி, தஞ்சை ஆகிய கோயிற்பகுதிகள் அனைத்தும் அந்நாளில் சென்னை மாகாணத்துக்கு உட்பட்டிருந்தமையால், ஒரே சட்டமன்றத்தின் அதிகார எல்லைக்குள் இருந்தன.

நாகரத்தினம்மாளின் (1878-1952) மரபுப் பணி சங்கத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் அவையில் விளங்கிய முத்துப்பழனி என்னும் தேவதாசி இயற்றிய ‘ராதிகா சாந்த்வனமு’ என்ற தெலுங்குக் காவியத்தின் அச்சுப் பதிப்பில், அப்புலவர் தம் பாட்டி முதலிய பெண்களின் வழியைப் பெருமிதத்துடன் பாடிய முன்னுரையும் பாடல்கள் சிலவும் விடுபட்டிருப்பதைக் கண்ட அவர், முழுநூலையும் தேடிப் பதிப்பித்து, வாவிள்ளா பதிப்பகத்தின் வழியாக 1910இல் வெளியிட்டார். கந்துகூரி வீரேசலிங்கம் முதலிய சீர்திருத்தவாதிகள் கண்டித்த சிருங்காரம் ஆண் புலவர்களின் நூல்களிலும் உண்டே என்று அவர் எழுப்பிய வினாவுக்கு நேரிய மறுமொழி எதுவும் இல்லை. அரசு அந்நூலை ஆபாசம் எனக் கூறித் தடைசெய்தது. தங்குதூரி பிரகாசம் சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோதுதான் தடை நீங்கியது.

திருவையாற்றில் சிதைந்து கிடந்த இசைமேதை தியாகராசரின் சமாதிக்கு நாகரத்தினம்மாள் தம் சொந்தப் பொருளால் கோயில் எழுப்பி, 1920களில் குடமுழுக்குச் செய்வித்தார். தாம் கட்டிய கோயிலின் ஆராதனையிலேயே பெண்கள் பாடக் கூடாது என்று தடுக்கப்பட்டதும், பெண்களைத் திரட்டித் தனி ஆராதனை நடத்தி, 1940களின் தொடக்கத்தில் பிரிந்திருந்த குழுக்கள் ஒன்றுபட்டபோது பெண்களுக்குரிய இடத்தை உறுதி செய்துகொண்டார். ஆண்வாரிசு வழியே கைமாறிய சொத்தாக இருந்திருந்தால் இக்கொடை நடந்திருக்குமா என்பது ஐயமே.

சங்கம் எதிர்கொண்டதோ இதனினும் கடுமையான சோதனை. சென்னைச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினரான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1927இல் பொட்டுக்கட்டுதலை ஒழிக்கக் கோரும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அவருடைய தாயார் சந்திரம்மாளும் இம்மரபினரே. தேவதாசியரையும் பரத்தையரையும் ஒன்றெனக் கருதுவது தவறு என்றும், ஒழிப்பதற்கு மாறாகத் தங்கள் பெண்களுக்குச் சமய, இலக்கிய, கலைக் கல்வி அளிக்க வேண்டும் என்றும் தேவதாசியர் அரசுக்கு விண்ணப்பங்கள் அளித்தனர். அதே மரபில் வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஒழிப்பின் பக்கமே உறுதியாக நின்றார். விவரமறியாச் சிறுமியின் வாழ்வைப் பிறர் முடிவு செய்யும் வழக்கத்தை எதிர்த்த வகையில் முத்துலட்சுமியின் வாதத்தை மறுக்க இயலாது. எனினும், கல்வி கேட்டோரின் குரல் செவிமடுக்கப்படாமல் போனதும் அநீதியே.

நாட்டுப்பற்று இம்மரபினருக்கோ இவர்களை ஒத்த வடநாட்டுக் கலைமகளிருக்கோ அந்நியமானதன்று. ஒத்துழையாமை இயக்கக் காலத்தில், 1921இல், காசியில் உஸ்னாபாய் தலைமையில் தவாயிப் எனப்படும் பாடல்மகளிர் சங்கம் அமைத்து, அந்நியப் பொருள்களை விலக்க உறுதிபூண்டனர். 1930இல் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்துத் தம் சட்டமன்றப் பதவியைத் துறந்த முத்துலட்சுமி, ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லத்தைத் தொடங்கினார்.

முத்துலட்சுமியின் தீர்மானத்தை அடுத்து வந்த 1929ஆம் ஆண்டுச் சட்டம் கோயிற்பணியிலிருந்து இனாம் (மானிய) நிலத்தைப் பிரித்து, பணி செய்யாமலேயே அந்நிலத்தைத் தேவதாசியர் வைத்துக்கொள்ள வழிசெய்தது. 1947ஆம் ஆண்டுச் சட்டம் பொட்டுக்கட்டுதலையே தடைசெய்தது. நாகரத்தினம்மாள் தம் சொத்து முழுவதையும் திருவையாற்று அறக்கட்டளைக்கு எழுதிவைத்தபோது, பெண்கள் அங்கே பாடும் உரிமை காக்கப்பட வேண்டும் என்பதை அதற்கு நிபந்தனையாக்கினார்.