எடப்பாடியிலிருந்து பழனிக்குக் காவடி சென்ற வழி

தலயாத்திரை தமிழகத்தின் தொன்மையான வழக்கங்களுள் ஒன்றாகும். வாகன வசதி பெருகாத காலத்தில் பொதுமக்கள் அயலூர்களைக் கண்டறிந்தது பெரும்பாலும் யாத்திரையினாலேயே. எடப்பாடி பருவதராஜ குலத்தாரின் பழனிக் காவடி அதற்குச் சிறந்த சான்று.

எடப்பாடி காவிரிக்குக் கிழக்கே உள்ளது. ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பழனியோ ஆற்றின் மறுபுறம். ஆகவே காவடி எடுப்போர் காவிரியைக் கடந்தே தீரவேண்டும். அப்பால் நொய்யலும் அமராவதியும் குறுக்கிடும். பழனியை அடுத்துச் சண்முக நதி. பாலங்கள் அமையாத நாளில் பரிசலும் ஓடமுமே துணை. தை மாதத்தில் வெள்ளம் தணிந்திருக்கும், அறுவடை முடிந்திருக்கும், வெயிலும் கடுமையாக இராது. தைப்பூச யாத்திரை உழவர்க்கு இசைந்ததற்கு இவையும் காரணங்களாம்.

1862-க்குள் இருப்புப்பாதை சேலம், சங்ககிரி, ஈரோடு வழியாக மேற்குக் கடற்கரையை எட்டிவிட்டது. 1928-ல் திண்டுக்கல்–பொள்ளாச்சிப் பாதையால் பழனிக்கும் இரயில் வந்தது. மலையேற 1966-ல் இழுவை இரயிலும், 2004-ல் கம்பிவட ஊர்தியும் ஏற்பட்டன. பேருந்துகளுக்கோ குறைவில்லை. ஆயினும் எடப்பாடிக் காவடி கால்நடையாகவே செல்கிறது.

அதன் காரணம் பழனி மலைமேல் விளங்குகிறது. இரவில் அங்கே தங்குதல் பொதுவாகப் பக்தர்க்கு அனுமதிக்கப்படுவதில்லை. தைப்பூசம் கழிந்தபின் வரும் எடப்பாடிக் கூட்டத்தார்க்கு மட்டும் ஓரிரவு தங்கும் உரிமை வழிவழியாக உண்டு. அவர்கள் வாழைப்பழம், சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய், ஏலம் சேர்த்து டன் கணக்கில் பஞ்சாமிர்தம் கலந்து, ஆண்டவனுக்குப் படைத்துப் பகிர்ந்தளிக்கின்றனர். நீர் கலவாத அப்பிரசாதம் பல நாள் கெடாது; பல நாள் வழி கடந்து ஊர் திரும்புவோர், உடன் வர இயலாத முதியோர்க்கும் நோயுற்றோர்க்கும் கொண்டு சேர்க்க ஏற்றது. பழனிப் பஞ்சாமிர்தம் 2019-ல் புவிசார் குறியீடும் பெற்றது.

வாகனத்தில் தனித்துச் செல்வோர்க்கும் தரிசனம் கிட்டும், அதில் குறையொன்றுமில்லை. ஆனால் மலைமேல் தங்கும் உரிமை தனியொருவருக்கு உரியதன்று. ஒன்றாகப் புறப்பட்டு, ஒன்றாக ஆறு கடந்து, ஒன்றாகப் படியேறும் கூட்டத்திற்கே உரியது. ஆண்டுதோறும் தவறாது அனுசரித்து வருவதே அதற்கு அரண். இளைஞர் நடையைக் கைவிடுவாராயின் கூட்டம் குறையும்; கூட்டம் குறைந்தால் முன்னோர் ஈட்டிய அந்த ஓரிரவும் பழங்கதையாகிவிடும்.

பாதைகள் மாறலாம், பரிசல் துறையில் பாலம் எழலாம். முன்னோர் நடந்த வழியை மறவாது நடப்போர்க்குத் தண்டாயுதபாணியின் திருவருள் என்றும் துணை நிற்பதாக.