பெண்ணெலி இல்லாத கூண்டு

1937 அக்டோபர் 1 அன்று, சென்னை மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜி, சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கி வைத்தார். இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டம் அன்று சேலத்துக்குள் இருந்தது. அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் போகும் மலைப்பாதையில் உள்ள நாட்றாம்பாளையமும் அதில் அடங்கும். தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து புழங்கும் எல்லை ஊர் அது. இங்கே கடையை மூடினால் அங்கே, அங்கே மூடினால் இங்கே என்று கால்கள் எல்லை தாண்டிப் பழகிய பகுதி. 1971இல் தமிழ்நாட்டில் மதுவிலக்கு தளர்ந்தது. 2003இல் சில்லறை விற்பனையையும் டாஸ்மாக் தன் கைக்குள் கொண்டுவந்தது. 2007இல் கர்நாடகம் சாராயத்தைத் தடை செய்தது. சட்டம் மாறியபோதெல்லாம் குடியின் பாதை மாறியது. வீட்டுக்குள் பெண் செய்யும் வேலை மட்டும் மாறவில்லை.

அதே 1937இல் அமெரிக்காவில் ஒரு தொழிற்சாலை மருத்துவர் விசித்திரமான ஒன்றைக் குறித்து எழுதினார். ரப்பரைப் பதப்படுத்தப் பயன்படும் கந்தகச் சேர்மங்களோடு வேலை செய்த தொழிலாளர்களால் குடிக்க முடியவில்லை. ஒரு வாய் குடித்தாலே முகம் சிவந்தது, நெஞ்சு படபடத்தது. இது குடியை நிறுத்தும் மருந்தாகுமோ என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் பத்தாண்டு கழித்து டென்மார்க்கிலிருந்து வந்தது. கோபன்ஹேகனில் யென்ஸ் ஹால்ட், எரிக் யாகோப்சன் என்ற இருவர், அதே குடும்பத்தைச் சேர்ந்த டைசல்பிராமைக் குடற்புழு மருந்தாக்க முயன்றுகொண்டிருந்தார்கள். முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு தாங்களே விழுங்கினார்கள். மாத்திரை போட்ட நாட்களில் மதுவைத் தொட்டால் உடம்பு படுத்தியது. 1948இல் அந்த முடிவை வெளியிட்டார்கள். நம் ஊர்க் குடிநோய் மருத்துவமனைகளில் இன்றும் எழுதித் தரப்படும் மாத்திரை அதுதான்.

அது வேலை செய்யும் விதம் எளிது. மது உடம்பில் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறும். அந்த நச்சை அடுத்த நிலைக்கு உடைக்கும் நொதியை டைசல்பிராம் தடுத்துவிடுகிறது. நச்சு தேங்குகிறது. வாந்தி, தலைவலி, படபடப்பு, ரத்த அழுத்தச் சரிவு என்று உடம்பு எதிர்க்கிறது. சில வேளை உயிருக்கே ஆபத்தாகும். இந்த மாத்திரை ஆசையைக் குறைப்பதில்லை, பயத்தைக் கூட்டுகிறது. ஆகவே அதைத் தினமும் விழுங்க வைக்க ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் யார் என்பதை மருத்துவக் கட்டுரைகளே சொல்கின்றன, வேறு பெயரில். 2004இல் மும்பை மருத்துவர்கள் இருவர் வெளியிட்ட ஆய்வில், குடிநோயுள்ள 100 ஆண்களில் ஒரு பாதிக்கு டைசல்பிராமும் மறு பாதிக்கு நால்ட்ரெக்சோனும் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் முதல் குழுவில் 86 சதவீதமும் இரண்டாம் குழுவில் 44 சதவீதமும் குடிக்காமல் இருந்தார்கள். பெரிய வெற்றி. ஆனால் ஆய்வில் சேர ஒரு நிபந்தனை இருந்தது: ஊக்கப்படுத்தவும், மருத்துவமனைக்குத் துணையாக வரவும் வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். ‘குடும்ப உறுப்பினர்’ என்ற அந்தப் பால் இல்லாத சொல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் நிற்பது யார் என்று நமக்குத் தெரியும். காலையில் தண்ணீரும் மாத்திரையுமாக நிற்பவள், விழுங்கினானா என்று வாயைப் பார்ப்பவள், அதற்காக வசவும் அடியும் வாங்குபவள். மாத்திரைக்கு மில்லிகிராம் கணக்கு உண்டு. அவளுடைய உழைப்புக்கு எந்த அட்டவணையிலும் இடமில்லை.

இதன் இன்னொரு முகம் நம் ஊர்களில் எல்லோரும் அறிந்தது. ‘அவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்’ என்று பேருந்து நிலையச் சுவர்களிலும் நாளிதழ் ஓரங்களிலும் விளம்பரம் வரும். பொடியைக் காபியிலோ குழம்பிலோ கலக்கச் சொல்வார்கள். அதில் டைசல்பிராம் இருந்தால், கணவன் அன்று மாலை குடித்துவிட்டு வந்தால், சமைத்தவளே கொலைப்பழி சுமக்க நேரிடும். ஒருவருக்குத் தெரியாமல் இந்த மருந்தைக் கொடுக்கவே கூடாது என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். சரியான எச்சரிக்கைதான். ஆனால் அவளை அந்தப் பொடி வரை தள்ளியது எது என்று கேட்க அந்த எச்சரிக்கையில் இடமில்லை.

இனி அடுக்களையிலிருந்து ஆய்வுக்கூடத்துக்குப் போவோம். மதுவுக்குப் பழைய மருந்துகளாவது இருக்கின்றன. கோகைனை விட்டவர் மீண்டும் தொடாமலிருக்க, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதுவரை ஒரு மருந்துக்குக்கூட ஒப்புதல் தரவில்லை. அந்த மருந்தைத் தேடும் பணி கடந்த நாற்பது ஆண்டுகளாகப் பெரும்பாலும் எலிக் கூண்டுகளில்தான் நடக்கிறது. அதற்கான சோதனை முறைக்கு வழிவகுத்தவர்களில் இருவர் பெண்கள். கனடாவின் கான்கார்டியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரியட் டி விட், ஜேன் ஸ்டூவர்ட் ஆகியோரின் 1981ஆம் ஆண்டுக் கட்டுரை, இந்தத் துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

முறை இதுதான். எலியின் கழுத்து நரம்பில் மெல்லிய குழாய் பொருத்துகிறார்கள். கூண்டில் ஒரு நெம்புகோல். அதை அழுத்தினால் சிறிதளவு கோகைன் ரத்தத்தில் கலக்கும். எலி விரைவில் கற்றுக்கொள்ளும். பிறகு கோகைனை நிறுத்திவிடுவார்கள். அழுத்தி அழுத்திப் பார்த்து, ஒன்றும் வராமல், எலி நெம்புகோலைக் கைவிடும். அப்போது மூன்றில் ஒன்றைச் செய்வார்கள்: ஒரு துளி கோகைனை ஊசியில் போடுவது, பழைய நாட்களில் கோகைனோடு வந்த விளக்கையோ ஒலியையோ காட்டுவது, அல்லது காலில் லேசான மின்னதிர்ச்சி கொடுப்பது. எலி மீண்டும் நெம்புகோலைத் தேடிப் போகும். ஒரு சொட்டு ருசி, பழைய இடம், மனவேதனை. குடியை விட்ட யாரைக் கேட்டாலும் தாம் விழுந்த கதையில் இந்த மூன்றில் ஒன்றைச் சொல்வார்கள். சோதிக்க வேண்டிய மருந்தை முன்கூட்டியே கொடுத்து, எலி அழுத்தும் எண்ணிக்கை குறைகிறதா என்று எண்ணுவதுதான் பரிசோதனை.

முறையை வகுத்ததில் பெண்களுக்குப் பங்கு இருந்தது. கூண்டிலோ நெடுங்காலம் பெரும்பாலும் ஆண் எலிகளே இருந்தன. 2009ஆம் ஆண்டின் ஆய்வுக் கட்டுரைகளை எண்ணிப் பார்த்த அன்னலீஸ் பியரி, இர்விங் ஸுக்கர் ஆகியோர் 2011இல் ஒரு கணக்கு கொடுத்தார்கள். நரம்பியலில் ஆண் விலங்குகளை மட்டும் வைத்து நடந்த ஆய்வுகள், பெண் விலங்குகளை மட்டும் வைத்து நடந்தவற்றைப் போல் ஐந்தரை மடங்கு. சொல்லப்பட்ட காரணம்: பெண் எலிக்கு நான்கைந்து நாளுக்கு ஒருமுறை சினைப்பருவச் சுழற்சி வருகிறது, ஹார்மோன் ஏறி இறங்குவதால் முடிவுகள் சிதறும். மாடு வளர்க்கும் நம் பெண்களுக்குச் சினைப்பருவம் புதிய சொல் அல்ல. அதை அறிந்து, அதற்கேற்ப நாள் குறித்து வேலை செய்பவர்கள் அவர்கள். ஆய்வுக்கூடமோ அதை இடைஞ்சல் என்று ஒதுக்கியது. ‘மாதத்தில் மூன்று நாள் தீட்டு’ என்று ஒதுக்கிவைத்த அதே மனம் வெள்ளை அங்கியில் பேசியதாகவே எனக்குப் படுகிறது. 2014இல் ஸுக்கரும் சகாக்களும் சுண்டெலி ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பெண்களின் அளவுகள் ஆண்களின் அளவுகளைவிட அதிகம் சிதறவில்லை என்று தெரிந்தது. சாக்கு உடைந்தது.

பெண் எலியைக் கூண்டுக்குள் விட்டபோது தெரிந்தவை சிறியவை அல்ல. 1999இல் வெண்டி லிஞ்ச், மெரிலின் கேரல் என்ற இரு பெண்கள், கோகைனைத் தாமாக எடுத்துக்கொள்ளப் பெண் எலிகள் ஆண்களைவிட வேகமாகக் கற்பதைக் காட்டினார்கள். கேரலின் ஆய்வுக்கூடம் பின்னர் இன்னொன்றையும் கண்டது: புரோஜெஸ்டிரோன் கொடுத்தால் பெண் எலி மீண்டும் கோகைனைத் தேடுவது குறைகிறது. எந்தச் சுழற்சியை இடைஞ்சல் என்று ஒதுக்கினார்களோ, அந்தச் சுழற்சியில் சுரக்கும் ஹார்மோனே மருந்துக்கான தடயமாக நின்றது. 2014இல் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், பிரசவம் முடிந்த, கோகைன் பழக்கமுள்ள 50 பெண்களிடம் அதைச் சிறிய அளவில் சோதித்தார்கள். வெற்று மாத்திரை பெற்றவர்களைவிடப் புரோஜெஸ்டிரோன் பெற்றவர்கள் குறைவாகவே பழக்கத்துக்குத் திரும்பினார்கள். முன்னோட்டச் சோதனைதான் அது. மருந்து என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஆண் எலியை மட்டும் வைத்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

இந்த இடத்தில் டைசல்பிராம் மீண்டும் வருகிறது. மூளையில் டோபமினை இன்னொரு வேதிப்பொருளாக மாற்றும் நொதியையும் அது தடுக்கிறது. அதனால் கோகைனுக்கும் உதவுமா என்று பார்த்தார்கள். ஒரு சொட்டு கோகைன் கொடுத்தும் எலிகள் நெம்புகோலை அதிகம் தேடவில்லை என்று 2010இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. ஆனால் அதற்கு முன்பே, 2004இல், மனிதர்களிடம் நடந்த சோதனைகளின் முடிவுகளை ஆண், பெண் என்று பிரித்துப் பார்த்திருந்தார்கள் யேல் ஆய்வாளர்கள். டைசல்பிராம் ஆண்களுக்குப் பலன் தந்தது; பெண்களிடம் வெற்று மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. பிரித்துப் பார்க்காமல் சராசரி எடுத்திருந்தால், பலனில்லாத மாத்திரையை ஒரு பெண் விழுங்கிக்கொண்டே இருந்திருப்பாள். மீண்டும் விழுந்தபோது ‘மனவுறுதி இல்லாதவள்’ என்ற பெயரும் அவளுக்கே வந்திருக்கும்.

விதிகள் மெல்ல மாறின. 1977இல் அமெரிக்க மருந்து நிர்வாகம், கருத்தரிக்கக்கூடிய பெண்களைத் தொடக்கநிலைச் சோதனைகளிலிருந்து விலக்கச் சொன்னது. தாலிடோமைடு மாத்திரையால் குழந்தைகள் ஊனமாகப் பிறந்த துயரத்துக்குப் பின் வந்த எச்சரிக்கை அது. ஆனால் பாதுகாப்பு என்ற பெயரில் பெண்கள் அறிவுக்கு வெளியே நின்றார்கள். 1993இல் வந்த சட்டம், அரசு நிதியில் நடக்கும் மருத்துவச் சோதனைகளில் பெண்களைச் சேர்க்கக் கட்டாயப்படுத்தியது. விலங்குச் சோதனைகளிலும் இருபாலையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்ற அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் விதி 2016இல்தான் நடைமுறைக்கு வந்தது.

எல்லைப்புற மலைக்கிராமத்துக்கும் அமெரிக்க எலிக்கும் என்ன உறவு என்று மாணவிகள் கேட்கலாம். 2019இல் வெளியான, எய்ம்ஸ் நடத்திய தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கோகைன் பயன்படுத்துவோர் பத்து லட்சத்தைச் சற்றே தாண்டுவர். மது அருந்துவோர் சுமார் 16 கோடி. 17 ஆண்களுக்கு ஒரு பெண் என்ற விகிதத்தில் குடிக்கும் பெண்கள் ஒரு கோடிக்குச் சற்றுக் குறைவு. கட்டட வேலைக்கும் கல்குவாரிக்கும் போய் உடம்பு வலிக்குக் குடிக்கப் பழகியவள் அவர்களில் ஒருத்தி. அவளுக்கு மாத்திரையும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு காலையில் நிற்கும் ‘குடும்ப உறுப்பினர்’ யார்? ஆண்களுக்காக அமைந்த விடுதியில் அவளுக்குப் படுக்கை எங்கே? நாட்றாம்பாளையத்துக்குச் சென்னையைவிட பெங்களூருவின் நிம்ஹான்ஸ் பக்கம். அங்கு வரை கணவனைக் கூட்டிப்போகும் மனைவியைப் பார்க்கலாம். மனைவியைக் கூட்டிப்போகும் கணவனைப் பார்ப்பது அரிது.

1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலுக்கு நாகம்மையாரும் கண்ணம்மாளும் போனதை நாம் பெருமையோடு நினைக்கிறோம். குடிக்கு எதிராகத் தெருவில் நின்ற பெண்ணுக்கு நம் வரலாற்றில் ஓர் இடம் உண்டு. மாத்திரையோடு வீட்டில் நின்றவளுக்கும், தானே குடியில் மாட்டிக்கொண்டவளுக்கும் இன்னும் இல்லை. அறிவியல் படிக்கும் மாணவிகளிடம் நான் கேட்பது சிறிய வேலை. புதிய மருந்து எலிகளிடம் வெற்றி என்ற செய்தி வந்தால், கட்டுரையின் செய்முறைப் பகுதிக்குப் போய் எலியின் பால் என்ன என்று பாருங்கள். மனிதச் சோதனை என்றால், பெண்களின் முடிவைத் தனியாகக் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ‘குடும்பத்தினர் கண்காணிப்பில்’ என்று எழுதியிருந்தால், அந்தக் கண்காணிப்பைச் செய்தவள் யார், எத்தனை மணி நேரம் செய்தாள், அதற்காக என்ன பட்டாள் என்று ஆசிரியரிடமும் மருத்துவரிடமும் கேளுங்கள். பதில் இல்லையென்றால், அடுத்த ஆய்வை நீங்களே அங்கிருந்து தொடங்கலாம்.