பெட்ரோல் செஸ் முதல் 111 லட்சம் கோடி வரை: இந்திய உள்கட்டமைப்பு முதலீட்டின் பணவழி

ஒரு நெடுஞ்சாலையோ துறைமுகமோ கட்டி முடியப் பத்தாண்டு ஆகலாம். அதில் போட்ட பணம் திரும்ப வர முப்பதாண்டு ஆகலாம். அரசின் வரவு செலவுத் திட்டத்துக்கு ஆயுள் ஓராண்டுதான். இந்த இடைவெளியை நிரப்ப இந்தியாவில் நடந்த முயற்சிகளை, சாலைத்துறையை மையமாக வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. அறிவித்த தொகை எவ்வளவு என்பதைவிட, அது ஆண்டுதோறும் எங்கிருந்து தவறாமல் வரும் என்பதே வேலையின் வேகத்தைத் தீர்மானித்திருக்கிறது என்பது இதன் வாதம்.

தொடக்கம் விடுதலைக்கு முந்தையது. 1927-இல் எம்.ஆர்.ஜெயகர் தலைமையில் அமைந்த சாலை மேம்பாட்டுக் குழு, மாகாணங்களால் மட்டும் சாலைச் செலவைத் தாங்க இயலாது என்று கண்டது. அதன் பரிந்துரைப்படி 1929-இல் ஒரு காலன் பெட்ரோலுக்கு 2 அணா கூடுதல் வரி விதிக்கப்பட்டு, மத்திய சாலை நிதி உருவானது. 1943-இல் நாக்பூரில் கூடிய தலைமைப் பொறியாளர்கள் 20 ஆண்டுச் சாலைத் திட்டம் வகுத்தனர். பின்வந்த ஐந்தாண்டுத் திட்டங்களில் அணைகளுக்கும் உருக்காலைகளுக்கும் கிடைத்த முன்னுரிமை நெடுஞ்சாலைகளுக்குக் கிடைக்கவில்லை. தேசிய நெடுஞ்சாலை ஆணையச் சட்டம் 1988-இல் வந்தும், ஆணையம் இயங்கத் தொடங்கியது 1995-இல்தான்.

உண்மையான திருப்பம் 1998-இல் நிகழ்ந்தது. டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தாவை இணைக்கும் 5,846 கி.மீ. தங்க நாற்கரச் சாலையை வாஜ்பாய் அரசு அறிவித்தது. அறிவிப்போடு பணவழியும் வந்தது. பெட்ரோல் லிட்டருக்கு ஒரு ரூபாய், அடுத்த ஆண்டு டீசலுக்கும் ஒரு ரூபாய் என செஸ் (குறிப்பிட்ட நோக்கத்துக்கான கூடுதல் வரி) விதிக்கப்பட்டது. மத்திய சாலை நிதிச் சட்டம், 2000 அதற்குச் சட்ட வடிவம் தந்தது. நிச்சயமான இந்த வரவைக் காட்டி ஆணையத்தால் சந்தையில் கடன் திரட்டவும் முடிந்தது. டீசல் செஸ்ஸில் பாதி கிராமச் சாலைகளுக்கு என்று ஒதுக்கியதை இந்த ஏற்பாட்டின் மிகச் சிறந்த கூறாக நான் கருதுகிறேன். ஆனாலும் நிலம் கையகப்படுத்தலும் ஒப்பந்தச் சிக்கல்களும் வேலையை இழுத்தடித்து, 2012 வரை கொண்டுவந்தன. பணம் உறுதியாக இருந்தும் தாமதம் நேரும். பணமும் உறுதியில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அடுத்த கட்டம் காட்டியது.

2000-களின் பிற்பாதியில் அரசு தனியார் கூட்டு முதலீட்டின் மீது பெருநம்பிக்கை வைத்தது. சாலை, மின்நிலையத் திட்டங்களுக்கு வங்கிகள் கடன் கொடுத்தன. சில ஆண்டுகளில் திரும்பக் கேட்கக்கூடிய வைப்புத்தொகையை, பதினைந்து இருபது ஆண்டுகள் ஓடும் கடனாகக் கொடுத்ததே அடிப்படைப் பிழை. நிலமும் சுற்றுச்சூழல் அனுமதியும் தாமதமானபோது கடன்கள் முடங்கின. 2018 மார்ச்சில் வங்கிகளின் வாராக்கடன், மொத்தக் கடனில் 11 சதவீதத்தைத் தாண்டியது. அவ்வாண்டே, உள்கட்டமைப்புத் திட்டங்களுக்கு நிதி வழங்கிவந்த ஐ.எல்.&எஃப்.எஸ். நிறுவனம் கடன் தவணைகளைச் செலுத்த முடியாமல் விழுந்தது. கட்டுமானக் காலத்தில் செலவின் 40 சதவீதத்தை அரசே கொடுக்கும் கலப்பு முறை 2016-இலேயே வந்ததற்குக் காரணம், அதற்கு முன்பே தொடங்கியிருந்த இந்தக் கடன் முடக்கம்தான்.

பின்னர் சுமை மீண்டும் அரசின் தோளுக்கு வந்தது. 2019 டிசம்பரில் அறிவித்த தேசிய உள்கட்டமைப்புத் திட்டத் தொகுப்பு, 2020-இல் 111 லட்சம் கோடி ரூபாயாக விரிந்தது. அதில் ஏறக்குறைய 40 சதவீதம் மாநிலங்களின் பொறுப்பு. மத்திய அரசின் மூலதனச் செலவு 2019-20-இல் சுமார் 3.4 லட்சம் கோடியாக இருந்து, 2023-24-இல் 9.5 லட்சம் கோடியை எட்டியது. இது மறுக்க முடியாத முன்னேற்றம். மாநிலங்களுக்கு வழங்கும் 50 ஆண்டு வட்டியில்லாக் கடனும் முதலீட்டின் ஆயுளுக்கு ஏற்ற ஏற்பாடு.

இரண்டு குறைகள் எஞ்சுகின்றன. செஸ் வருவாய், மாநிலங்களுக்குப் பங்கிடப்படும் வரித்தொகுப்பில் சேராது; 2018-இல் செஸ் லிட்டருக்கு 8 ரூபாயாக உயர்ந்தபோது, அதே அளவு பகிரத்தக்க வரியாக விதித்திருந்தால் மாநிலங்களுக்குக் கிடைத்திருக்கும் பங்கு கிடைக்காமல் போனது. இரண்டாவது, கணக்கு. 2024 மார்ச்சில் புள்ளியியல் அமைச்சகம் கண்காணித்த, 150 கோடிக்கு மேற்பட்ட 1,873 திட்டங்களில் 779 தாமதமாகியிருந்தன. 111 லட்சம் கோடித் தொகுப்பின் காலம் 2025 மார்ச்சுடன் முடிந்துவிட்டது. எவை முடிந்தன, எவை கைவிடப்பட்டன, ஒவ்வொன்றுக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்ற கணக்கைத் திட்டவாரியாக நாடாளுமன்றத்தின் முன் வைத்த பிறகே அடுத்த தொகுப்பை அரசு அறிவிக்க வேண்டும்.