உளுந்துக்குள்ள வண்டு, வண்டுக்கு எதிரா ஒரு புரதம்

நாகப்பட்டினம் பக்கம் சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடியே, நிற்கிற கதிருக்கு நடுவில் உளுந்தும் பச்சைப்பயறும் தெளிச்சுவிடுவாங்க. உழவு கிடையாது, மண்ணில் மிஞ்சின ஈரமும் பனியும்தான். அப்படி விளைந்ததில் அடுத்த தைக்கு விதை எடுத்து வைக்கணும். எட்டு ஒன்பது மாசம். அதுக்குள்ள பயறு வண்டு புகுந்துவிடும்.

முட்டையை விதைமேல் ஒட்டிவைக்கும். பொரிந்த புழு நேரா உள்ளே துளைச்சுப் போய், ஒரு மாசம் போல உள்ளேயே தின்று வளர்ந்து, வட்ட ஓட்டை போட்டு வண்டாக வெளியே வரும். வேப்பிலை, சாம்பல், செம்மண் கட்டுறது எல்லாமே வெளிக்காவல்தான். விதைக்குள்ளேயே காவல் உண்டா?

1979இல் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தார் உண்டு என்றார்கள். வண்டு தாக்காத ஒரு ஆப்பிரிக்கத் தட்டைப்பயறு வகையில், டிரிப்சின் என்ற செரிமான நொதியைத் தடுக்கும் புரதம் அதிகமாக இருக்கு, அதுதான் காரணம் என்று. அழகான விளக்கம். ஆனா இந்த வண்டின் குடல் முக்கியமா நம்பியிருப்பது டிரிப்சினை இல்லை, வேறு வகை நொதிகளை என்று 1980களில் தெரிந்தது. 1990களில் சந்தேகம் விசிலின் என்ற சேமிப்புப் புரதத்தின் பக்கம் திரும்பியது. பூச்சியை முதலில் சரியா விசாரிச்சிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மெக்சிகோவின் காட்டு பீன்ஸில் கிடைத்த புரதத்துக்கு ஆர்சிலியா என்ற ஊரை வைத்து ஆர்சிலின் என்று பெயர். ஆஸ்திரேலியாவில் பீன்ஸின் மாவுச்சத்து நொதித் தடுப்பானைப் பட்டாணிக்குள் மரபணு வழியா ஏற்றினார்கள். வண்டு செத்தது. ஆனா அந்தப் பட்டாணியைத் தின்ற எலிகளுக்கு ஒவ்வாமை மாதிரி எதிர்வினை வந்ததாக 2005இல் அறிக்கை வெளியாகி, பத்தாண்டு வேலை நின்றுபோச்சு. பூச்சிக்கு ஆகாதது நமக்கும் ஆகாமல் போகலாமே.

நம்ம உளுந்து விஷயம் இன்னும் வேடிக்கை. பயறு வண்டில் இரண்டு இனம் முக்கியம். காலோசோபுருக்கஸ் சைனென்சிஸ் என்பதை உளுந்து நல்லாவே தாங்கும். மாக்குலேட்டஸ் என்பதிடம் தோற்றுப்போகும். அந்த இரண்டாவதுக்கும் அசையாதது உளுந்தின் காட்டு உறவுச்செடி. டிராம்பேயின் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் அதை வீட்டு உளுந்தோடு ஒட்டுச்சேர்த்து, எதிர்ப்புத்தன்மை குரோமோசோமில் எந்தெந்த இடத்தில் இருக்கு என்று 2010 வாக்கில் குறித்திருக்கிறார்கள்.