இலண்டன் மாநகரின் கணப்பு

வெப்பநாட்டில் வாழ்வோர்க்கு விறகு என்றதும் அடுப்பும் சமையலுமே நினைவுக்கு வரும். குளிர்நாட்டாருக்கோ அது பனிக்காலத்தில் உயிர்காக்கும் பொருளாகவும் இருந்தது. அவ்விறகைக் கைவிட்டு இலண்டன் மக்கள் நிலக்கரியைக் கைக்கொண்டமை, சிறந்த எரிபொருள் தாழ்ந்ததை வென்ற செய்தியாகப் பொதுவாக எண்ணப்படுவதுண்டு. உண்மை அதுவன்று. யாவரும் வெறுத்த எரிபொருளொன்று, மலிவு என்னும் ஒரே காரணத்தால், முதலில் ஏழைகளின் இல்லங்களிற் புகுந்த வரலாறே அது.

நிலக்கரி இலண்டனுக்குப் புதியதன்று. நியூகாசிலிலிருந்து கப்பலில் வந்த அதனைக் 'கடற்கரி' என்றழைத்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே சுண்ணாம்புச் சூளையாரும் கொல்லரும் அதனை எரித்தனர். 1257இல் நொட்டிங்காமில் தங்கியிருந்த எலினோர் அரசி அதன் புகையைத் தாங்கமாட்டாது அவ்வூரை விட்டகன்றாள். 1306இல் முதலாம் எட்வேட் மன்னன் இலண்டன் தொழிலாளர் அதனை எரித்தலாகாதெனத் தடைவிதித்தான், தடை நிலைக்கவில்லை. ஆயினும் வீடுகளில் விறகே எரிந்தது. கூடத்தின் நடுவே தீ மூட்டிப் புகையைக் கூரைவழியே போகவிடும் பழைய வீட்டில் விறகுப் புகையைப் பொறுக்கலாம். கந்தகம் நாறும் கரிப்புகையைப் பொறுத்தல் அரிது.

பதினாறாம் நூற்றாண்டில் நகரம் பெருத்தது. 1600ஆம் ஆண்டளவில் அதன் குடித்தொகை ஏறக்குறைய 2 இலட்சம். காடுகள் அழிந்தொழிந்தமையாலேயே விறகு அருகியது என்பது மிகைக் கூற்று. அடிமரத்தை விட்டுக் கிளைத்த தளிர்களை முறைவைத்து வெட்டும் காடுகள் நகரைச் சூழ இருந்தன. இடர்ப்பாடு ஏற்றியிறக்குவதில் இருந்தது. பருமன் மிக்க விறகை வண்டியில் நெடுந்தூரம் கொணரின் அதன் விலையைக் கூலி விழுங்கிவிடும். கரியோ சுரங்கத்திலிருந்து டைன் ஆற்றங்கரைக்கும், அங்கிருந்து கடல்வழியே தேம்ஸ் துறைக்கும் எளிதில் வந்தது. 1560களில் அவ்வாற்றிலிருந்து ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 35,000 தொன் கரி ஏற்றப்பட்டது. 1625 அளவில் அது 4 இலட்சம் தொன்னாயிற்று.

எரிபொருள் மாறவே வீடும் மாறவேண்டியதாயிற்று. செங்கற் புகைபோக்கியும் இரும்புத் தட்டியும் இன்றிக் கரி ஒழுங்காக எரியாது. தம் ஊர் முதியோர் தங்கள் காலத்திற் கண்ட மாற்றங்களுள் ஒன்றாகப் புகைபோக்கிகளின் பெருக்கத்தைச் சுட்டியதாக வில்லியம் ஹரிசன் 1577இல் வெளிவந்த நூலிற் குறித்துள்ளார். செல்வர் நெடுநாள் விறகை விட்டிலர். கரி எரியும் வீட்டினுட் புகவும் சீமாட்டிகள் மறுத்தனரெனப் பதினேழாம் நூற்றாண்டு நூலொன்று கூறும்.

ஏழைகளின் நிலை எத்தகையதென்பதை உள்நாட்டுப் போர் வெளிப்படுத்திற்று. நியூகாசில் மன்னர் பக்கம் நின்றமையால், 1643இல் பாராளுமன்றம் அந்நகருடன் கரி வாணிகத்தைத் தடுத்தது. 1644 ஒக்தோபரில் அந்நகர் வீழும்வரை இலண்டன் ஏழைகள் குளிரில் வாடினர். மீண்டும் விறகை நாடலாமெனின், அவர்கள் வாங்கத்தக்க விலையில் விறகு இல்லை. 1662இல் கணப்பொன்றுக்கு ஆண்டுக்கு 2 சிலிங் வரியும் விதிக்கப்பட்டது. மிக வறியோர் விலக்களிக்கப்பட்டனர். எனினும் மக்கள் வெறுப்புக்குள்ளான அவ்வரி 1689இல் நீக்கப்பட்டது.

1661இல் யோன் ஈவ்லின் நகரின் புகையைக் கடிந்து நூலெழுதினார். ஆனால் அவர் பழிசுமத்தியது மதுவடிப்போர், சாயமிடுவோர், சவர்க்காரம் காய்ச்சுவோர் ஆகியோரையே. வீட்டடுப்புகளின் புகையை அவர் பெரிதாக எண்ணவில்லை. அறிஞர்க்கும் தம் வீட்டுப் புகை கண்ணிற் படுவதில்லை போலும்! இலட்சக்கணக்கான கணப்புகளைத் தீண்டச் சட்டமும் நெடுங்காலம் அஞ்சிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சட்டங்கள் தொழிற்சாலைப் புகையை மட்டுமே நோக்கின.

1952 டிசெம்பர் 5ஆந் திகதி முதல் 9ஆந் திகதி வரை, காற்றசையாத குளிரில் இலண்டனைப் புகைமூடுபனி கவிந்தது. அக்காலக் கணக்கின்படி இறந்தோர் ஏறக்குறைய 4,000 பேர். பிற்கால ஆய்வொன்று 12,000 என மதிப்பிட்டது. நல்ல கரி ஏற்றுமதிக்குச் செல்ல, தாழ்ந்த தரத் தூட்கரியே வீடுகளுக்குக் கட்டுப்பாடின்றி விற்கப்பட்டு வந்தது. 1956இன் தூய காற்றுச் சட்டம் முதன்முறையாக வீட்டுக் கணப்பைத் தீண்டியது. புகையற்ற எரிபொருளுக்கேற்பத் தட்டிகளை மாற்றப் பணவுதவியும் அளித்தது. அவ்வுதவி இல்லையேல் எட்வேட் மன்னனின் தடைக்கு நேர்ந்ததே இதற்கும் நேர்ந்திருக்கும். 1967 முதல் பத்தாண்டுகளில் வடகடல் இயற்கை எரிவாயுவுக்கேற்ப வீட்டுக் கருவிகள் மாற்றப்பட்டன.

2023 மே மாதம் இங்கிலாந்தில் வீட்டு நிலக்கரி விற்பனை முற்றாகத் தடுக்கப்பட்டது. இதற்கிடையில் விறகு மீண்டும் இலண்டனுக்கு வந்துவிட்டது. எலிசபெத்து அரசியின் காலத்திற் போலவே, வசதியுள்ளோரின் கூடங்களில், நன்குலர்ந்த கட்டைகளாக, அடைத்த இரும்படுப்புகளில் அது எரிகின்றது. அதன் நுண்புகை அயலாரின் மூச்சிற் கலப்பதுபற்றிய வழக்கு இன்னும் தீரவில்லை.